சிவப்பு மையைக் குறைத்தேன்

பல வருடம் விடைத்தாளில் ஒவ்வொரு தவறையும் நானே திருத்தி, சரியான விடையையும் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். அடுத்த தேர்வில் அதே தவறு. யோசித்துப் பார்த்தால், அவர்கள் செய்ய வேண்டிய வேலையை நான் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் மாற்றினேன். தவறான வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும். எங்கே பிசகியது, ஏன் என்று அவர்களே எழுத வேண்டும். முதல் இரண்டு வாரம் முணுமுணுப்புதான். "நீங்களே சொல்லிடுங்க மிஸ்" என்று கெஞ்சினார்கள். மனசு இளகத்தான் செய்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு மாணவி 12 − (5 − 3) என்பதற்கு 4 என்று போட்டிருந்தாள். புள்ளியையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "அடைப்பை எடுத்தபோது 3-க்கு முன்னால் இருந்த குறியை மாற்றவில்லை, விடை 10" என்று எழுதினாள்.

மறுபடி எப்போது போட்டுப் பார்ப்பது என்பதையும் அவர்களிடமே விட்டேன். இடைவெளி விட்டுப் படித்தால் நன்றாக நினைவில் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டியிருக்கிறார். அதை மட்டும் சொன்னேன். அவள் நோட்டின் ஓரத்தில் மூன்று தேதிகளைக் குறித்துக்கொண்டாள்.