சட்டத் தரவுத்தளத்தில் வழக்கு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சேம்பரிங் (வழக்கறிஞராவதற்கு முந்தைய பயிற்சி) செய்யும் நம் பிள்ளைகளிடம் முதலில் ஒப்படைக்கப்படும் வேலைகளில் ஒன்று, சிஎல்ஜே அல்லது லெக்சிஸ் தரவுத்தளத்தில் வழக்குகளைத் தேடித் தொகுப்பது. நாலு சொல்லைத் தட்டினால் தீர்ப்புகள் வந்து குவிவதால், தேடல் அத்துடன் முடிந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் கேடு விளைவிப்பது, கிடைத்த தீர்ப்பு இன்றும் நிற்கிறதா என்று பாராமல் அதை எடுத்தாள்வதே. இதற்குப் பினாங்கு மண்ணிலேயே சான்று உண்டு. தஞ்சோங் பூங்காவில் இருந்த ஒரு நிலத்தை, உரிமையாளரைப் போல் நடித்த ஒருவர் போலிக் கையெழுத்திட்டு விற்றுவிட, அதை வாங்கிய அடோர்னா பிராப்பர்ட்டீஸ் நிறுவனத்தின் மீது உண்மையான உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றத்தில் தோற்ற அவர் 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் 2000இல் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றி, நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கியவருக்கே நிலம் என்றது. தேசிய நிலச் சட்டத்தின் 340ஆவது பிரிவுக்கு அது தந்த பொருள் தவறு என்று 2010இல் கூட்டரசு நீதிமன்றமே வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. போலிப் பத்திரத்தின் மூலம் நேரடியாக வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அவரிடமிருந்து அடுத்து வாங்கும் நேர்மையானவருக்கே உண்டு என்பதே இன்றைய நிலை. ஆகவே 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பை மட்டும் பதிவிறக்கி வைத்திருப்பவர், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் சொல் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு, செல்லாத சட்டத்தை எடுத்துரைப்பார். தீர்ப்பைத் திறந்தவுடன், அதைப் பின்னர் எடுத்தாண்ட வழக்குகளின் பட்டியலையும் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் சில நிமிடங்கள் ஒருவருடைய வீட்டையே காப்பாற்றக்கூடும்.

நீதிமன்றத்தின் பெயரும் ஏமாற்றும். 1985க்கு முந்தைய கூட்டரசு நீதிமன்றத்துக்கு மேலே, இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டன் பிரிவி கவுன்சில் இருந்தது. 1985 முதல் 1994 வரை உச்ச அமைப்பின் பெயர் சுப்ரீம் கோர்ட். இன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994இல்தான் வந்தது. ஆண்டைப் பாராமல் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்பின் வலிமையை எடைபோடக் கூடாது.

ஆங்கிலத்தில் மட்டும் தேடுவது இங்கே பரவலாகக் காணும் குறை. மலாயில் எழுதப்படும் தீர்ப்புகள் ஏராளம். 'நெக்லிஜென்ஸ்' என்று தேடுபவருக்கு 'கெச்சுவாயான்' என்று எழுதிய நீதிபதியின் தீர்ப்பு கிடைக்காமல் போகலாம். 'செக்‌ஷன் 340' என்று தேடுபவர் 'செக்‌ஷென் 340' என்பதையும் மலாய் எழுத்துக்கூட்டலில் தட்டியாக வேண்டும். பெயர்களைத் தேடுவது இன்னும் கடினம். லட்சுமி, முனியாண்டி போன்ற நம் பெயர்களைப் பிறப்புப் பத்திரத்தில் எழுதியவர்கள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலைக் கையாண்டிருப்பதால், ஒரே பெயர் பல வடிவங்களில் பதிவாகியிருக்கும். எதிர்த்தரப்பு வங்கியாகவோ நிறுவனமாகவோ இருந்தால் அந்தப் பெயரிலும், வழக்கு எண் தெரிந்தால் அதிலும் தேடுவது நம்பகமானது.

தீர்ப்பின் தொடக்கத்தில் உள்ள ஹெட்நோட் பதிப்பாசிரியர்கள் எழுதிய சுருக்கம். நீதிபதியின் வாக்கு அன்று. வழி காட்ட அது போதும், மேற்கோள் காட்ட ஆகாது.

இந்தியத் தீர்ப்புகளைத் தேடும்போது ஒரு நுணுக்கத்தை நினைவில் வைக்க வேண்டும். நம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தை ஒட்டி அமைந்ததால் அவை நமக்கு வழிகாட்டும், ஆனால் கட்டுப்படுத்தா. பிரிவு எண்களும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. ஒப்பந்தத்தை மீறினால் தர வேண்டியது என்று முன்கூட்டியே குறித்த தொகையைப் பற்றி நம் சட்டத்தின் 75ஆவது பிரிவு சொல்வதை, இந்தியச் சட்டத்தில் 74ஆவது பிரிவு சொல்கிறது. அங்கே 75 என்று தேடினால், ஒப்பந்தத்தை முறையாக விலக்கிக்கொண்டவருக்கான இழப்பீடு என்ற வேறு பொருளில் போய் நிற்க நேரும்.