களனிவெளி லயங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற வேன்கள் களனி ஆற்றுப் பள்ளத்தாக்கான களனிவெளியில் இருக்கும் எட்டியாந்தோட்டையில் பெரும்பாலும் நிற்பதில்லை. அவிசாவளையைத் தாண்டியதும் ஏ7 பாதையின் இரு பக்கமும் ரப்பர் மரங்கள், கித்துல்கலவுக்கு மேலே ஏற ஏறத் தேயிலை. தலைநகரிலிருந்து 60, 70 கிலோமீட்டர்தான். ஆனாலும் இந்தச் சரிவுகளில் இருக்கும் மலையகத் தமிழரின் லயங்களை, வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத் தொழிலாளர் வீடுகளை, தேடி வெளியூரிலிருந்து வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களில் ஒரு பகுதியினர் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் செய்த 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தமிழ்நாட்டு அரசுத் தாள்களில் அவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். லயத்தில் பிறந்தவருக்குத் தாயகம் இந்த மலைதான். இன்னொரு பகுதியினரின் பெற்றோர் 1977, 1983 தமிழர் எதிர்ப்பு வன்முறைகளுக்குப் பின் மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வடக்கே வன்னிக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள். இரு தரப்பாருக்கும் இங்கே முதலில் வருகிற சிக்கல் ஒன்றுதான்: தோட்டத்தின் பெயர்.

பாட்டி சொன்ன பெயர் வரைபடத்தில் இருக்காது. தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று, பல இடங்களில் சிங்களப் பெயரும் ஒன்று. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசு எடுத்த தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இடையில் சில சேர்க்கப்பட்டன, சில துண்டாடப்பட்டன. அதனால் தோட்டத்தின் பெயர் மட்டும் கையில் இருந்தால் போதாது. டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு, ‘கணக்கு’ என்றும் சொல்வார்கள்) எது, பக்கத்து டவுன் எது, தபால் எந்த ஊர் வழியாக வந்தது என்ற மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டிவிசன் தெரியாமல் போனால் ஒரே தோட்டத்துக்குள் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று ஐந்தாறு கிலோமீட்டர் ஏறி இறங்க நேரும். பழைய கடித உறைகள், தோட்டத்துப் பள்ளிச் சான்றிதழ், இந்தியா போனவர்களின் பழைய கடவுச்சீட்டு, இந்தியாவில் இறங்கியவர்களுக்குத் தமிழ்நாட்டு மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பேரன் மறந்த பெயர் அவற்றில் ஒன்றில் அகப்படும்.

அடுத்தது நாள். ஞாயிற்றுக்கிழமை போவதே நல்லது. வேலை நாளில் போனால் உங்களோடு உட்கார்ந்து பேசுவதற்காக ஒருவர் வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவார். அவருக்கு அன்றைய பேரும் (வேலைநாள் கணக்கும்) போகும், கூலியும் போகும். அதை அவர் உங்களிடம் சொல்ல மாட்டார். வேலை நாளைத் தவிர்க்கவே முடியாது என்றால், அது ரப்பர் தோட்டமா தேயிலைத் தோட்டமா என்று கேட்டு நேரத்தை வையுங்கள். ரப்பரில் விடியும்போதே பால் வெட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் அப்போதுதான் பால் நன்றாக ஓடும். ஒருவர் ஏறத்தாழ 300 மரம் வெட்டி, பால் சொட்டி முடியக் காத்திருந்து, சிரட்டை சிரட்டையாக வாளியில் ஊற்றிச் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க நண்பகல் ஆகிவிடும். ஆகவே ரப்பர் தோட்டத்துக்குப் பிற்பகலில் போகலாம். தேயிலையில் கொழுந்து நிறுத்து முடித்து வீடு வர மாலை நாலரை, ஐந்து மணி. காலையில் மழை கொட்டினால் பால் வெட்டு இல்லை, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். ஆனால் அது அவர்களுக்குக் கூலி போன நாள். உங்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று என்று அவர்கள் முன்னால் சொல்லிவிடாதீர்கள்.

கட்டுநாயக்கவில் இறங்கி நேரே வருகிறவர்கள் கொழும்புக்குள் நுழையவே தேவையில்லை. விமான நிலைய அதிவேகப் பாதையில் கெரவலப்பிட்டிய வரை வந்து, வெளிச்சுற்று அதிவேகப் பாதைக்கு மாறி, கடுவெலயில் இறங்கினால் ஹங்வெல்ல வழியாக அவிசாவளை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருவதானால் புறக்கோட்டையில் 122 அவிசாவளை பஸ். ஹைலெவல் பாதையில் மகரகம, ஹோமாகம நெரிசலைத் தாண்டவே நேரம் பிடிக்கும் என்பதால் விடிகாலையில் ஏறிவிடுங்கள். ரயிலும் உண்டு. களனிவெளிப் பாதை ஒரு காலத்தில் எட்டியாந்தோட்டை வரை சிறிய ரயிலாக ஓடியது. இன்று அகலப் பாதையாகி அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து பஸ்தான். பெயர்ப்பலகையில் ‘யட்டியாந்தோட்ட’ என்று பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே ஊர்தான். பணம் எடுப்பது, சாமான் வாங்குவது எல்லாவற்றையும் எட்டியாந்தோட்டை டவுனிலேயே முடித்துவிடுங்கள்.

டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதையில் தாழ்வான கார் அடி தட்டும். கல் பாவிய பழைய வண்டிப் பாதை, நடுவில் மேடு, ஓரத்தில் கான் (வடிகால்). வாடகை வேனைச் சந்தியில் நிறுத்திவிட்டு அந்தத் தோட்டத்து ஆட்டோ ஒன்றைப் பிடியுங்கள். ஓட்டுநருக்குப் பாதையும் தெரியும், யார் வீடு எந்த லயத்தில் என்பதும் தெரியும். பெயர் தெரியாத தோட்டத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கவும் இவர்களை விட்டால் ஆளில்லை.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. கித்துல்கல, கினிகத்தேனைப் பக்கம் நாட்டிலேயே அதிகம் நனைகிற இடங்களில் சேரும். ஜனவரி முதல் மார்ச் வரை வருவது நல்லது. மழைக்காலத்தில்தான் வர முடியும் என்றால் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் ஏற வேண்டாம். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். 2014 அக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போனதும், 2016 மே மாதம் இதே கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை இறங்கியதும் இங்கே யாரும் மறந்த கதை அல்ல. செம்மஞ்சள் அறிவித்த நாளில் உறவினர் “பரவாயில்லை, வாங்க” என்றாலும் பயணத்தைத் தள்ளி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, அம்புலன்ஸ் 1990.

ஈரப் புல்லில் அட்டை இருக்கும். போகுமுன் கணுக்காலிலும் விரலிடுக்கிலும் சவர்க்காரத்தைத் தண்ணீர் தொடாமல் பூசிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பலரும் செய்வது இதுதான். கடித்துவிட்டால் பிடித்து இழுக்க வேண்டாம், வாய் ஒட்டிய இடத்தை நகத்தால் பக்கவாட்டில் நெம்புங்கள், கழன்றுவிடும். இரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளைச் சுரந்திருக்கும். ஆகவே கழன்ற பிறகும் சிறிது நேரம் கசியும். துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

லயத்தில் முதலில் எதிர்ப்படுவது இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை. அங்கே நின்று கூப்பிட்டு, உள்ளே வரச் சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். உள்ளே ஒரு காம்பரா (அறை), பின்னால் அடுப்படி. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். நீங்கள் பேசுவது முழுவதும் அங்கே கேட்கும். காசு கொடுப்பதையும் குடும்பச் சச்சரவைக் கிளறுவதையும் இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். பிஸ்கட், பழம், பிள்ளைகளுக்குக் கொப்பி என்று கொண்டுபோனால் லயத்தில் எத்தனை வீடு என்று முன்கூட்டியே கேட்டு எல்லா வீட்டுக்கும் கணக்காகக் கொண்டுபோங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் பெரிய பெட்டி இறங்கினால் நீங்கள் போன பிறகு மனத்தாங்கலைச் சுமப்பது அந்த வீடுதான். வெற்றிலை பாக்கு வைத்துப் பெரியவர்களிடம் கொடுத்தால் அதுவே மரியாதை. தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் வரும், உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பேச்சில் ஒன்று முக்கியம். ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல்லை வேடிக்கைக்கும் எடுக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பழகியவர்கள் அம்மம்மா, அப்பம்மா என்பதற்கு இங்கே அம்மாயி, அப்பாயி என்ற சொற்களைக் கேட்க நேரலாம். அதைத் திருத்தப் போக வேண்டாம். கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகள் பலர் சிங்களமொழிப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்து வராமல் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிப் பதில் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாமல் குரலாக அனுப்புங்கள்.

பாதையோரத்து மரத்தடியில் குங்குமம் பூசிய கல்லோ சூலமோ தெரிந்தால் அது சாமி. தேயிலைக் கொழுந்து அரைபடும் பெக்டரிப் பக்கம் ரோதைமுனி இருப்பார், இயந்திரச் சக்கரத்தில் ஆட்களின் கை சிக்காமல் காக்கிறவர். அங்கே செருப்போடு ஏறவோ கேட்காமல் படம் எடுக்கவோ வேண்டாம். பெக்டரிக்கும் பங்களாவுக்கும் போகத் தோட்டத்து ஆபீசில் அனுமதி வேண்டும்.

பதிவு தேடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை லயத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் திங்கள் காலை அந்தத் தோட்டத்துக்குரிய பிரதேச செயலகத்துக்குப் போகும்படி நாளை வையுங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குப் பிறந்தவரின் பெயர், தாய் தகப்பன் பெயர், தோட்டம், டிவிசன், பிறந்த ஆண்டு வேண்டும். திகதி தெரியாவிட்டால் முன்பின் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். பெயரை எழுதியவர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ராமாயி ‘ரமாய்’ ஆகியிருக்கும், கருப்பையா ‘கருபய்யா’ ஆகியிருக்கும், பல பதிவுகளில் சிங்கள எழுத்தில் இருக்கும். எழுத்து மாறக்கூடிய வடிவங்கள் நாலைந்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த லயத்துப் பிள்ளை ஒருவரைக் கூட அழைத்துப் போனால் அலுவலகத்தில் பாதி வேலை குறையும். அவரது பஸ் காசும் சாப்பாடும் மட்டுமல்ல, அன்றைக்கு அவர் வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலியும் உங்கள் பொறுப்பு.