கட்டக்கோரைச் சாறு டிபிஏவைத் தடுக்கிறதா? ஹெப்ஜி2 செல்லில் பார்க்கும் முறை

மண்டபம், பாம்பன் கரையில் கட்டக்கோரை போன்ற பழுப்புக் கடற்பாசி எடுத்துப் புற்றுநோய் ஆய்வு செய்யும் மாணவர்கள் பலர், உயிருள்ள செல்லின் அளவை ஊதா நிறத்தால் காட்டும் எம்டிடி சோதனையோடு நின்றுவிடுகிறார்கள். டிபிஏ விஷயத்தில் அது ஏமாற்றும். நேர்வாள எண்ணெயில் உள்ள இந்தப் பொருள், ஏற்கெனவே கெட்டுப்போன செல்லைக் கட்டியாக வளரத் தூண்டுவது. ஆனால் ஹெப்ஜி2 கல்லீரல் புற்றுச் செல்லில் போட்டால் பெருக்கம் குறையும், செல்கள் கூட்டத்தை விட்டுக் கலைந்து நகரும். எம்டிடி எண்ணை மட்டும் பார்த்தால் டிபிஏவே மருந்து என்று தோன்றும்.

முதலில் பாசி. உப்பு மிஞ்சினால், செல் வளரும் திரவமான ஊடகத்தின் அடர்த்தி ஏறி, செல் உப்பாலேயே சாகும். இங்கே போர் தண்ணீரே உவர்ப்பு. அதனால் கடைசி இரண்டு அலசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்யுங்கள். அந்த நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் பால்போல் வெளுக்கக் கூடாது. நிழலில் உலர்த்தி, எத்தனாலில் ஊறவைத்து, வடித்து வற்றவைத்து, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரையுங்கள்.

டிபிஏ 1 மில்லிகிராமை 1.62 மில்லி டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 1 மில்லிமோலார். சிறு பங்குகளாக -20 டிகிரியில், வெளிச்சம் படாமல் வையுங்கள். கையுறை கட்டாயம். இதில் 10 மைக்ரோலிட்டரை 990 மைக்ரோலிட்டர் ஊடகத்தில் கலந்து, அந்தக் கலவையில் மில்லிக்கு 10 மைக்ரோலிட்டர் விட்டால் 100 நானோமோலார். நீர்த்த கலவையை வைத்திருக்காதீர்கள், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்.

ஆறு குழித் தட்டில் குழிக்கு 1 லட்சம் செல். ஹெப்ஜி2 கொத்தாக ஒட்டும். ஒட்டிய செல்லைக் கழற்றும் டிரிப்சின் நொதியை விட்ட பிறகு பிப்பெட்டால் நன்றாகப் பிரித்துவிடுங்கள். இரண்டு நாளில் சிறு தீவுகளாகும். பிறகு நான்கு குழி: டிஎம்எஸ்ஓ மட்டும், டிபிஏ மட்டும், சாறு மட்டும், இரண்டும். சாற்றை ஒரு மணி நேரம் முன்னால் விடுங்கள். எல்லாக் குழியிலும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவு, 0.1 சதவீதத்துக்குள்.

24 மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பாருங்கள். டிஎம்எஸ்ஓ குழியில் தீவின் ஓரம் நறுக்கென்று, செல்கள் நெருங்கி இருக்கும். டிபிஏ குழியில் ஓரம் சிதறி, செல்கள் கதிர்போல் நீண்டு ஒன்றைவிட்டு ஒன்று விலகும். சாறு இதைத் தடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

டிபிஏவின் தூண்டுதலைச் செல்லுக்குள் கடத்தும் இஆர்கே புரதத்தைப் பார்ப்பதென்றால், டிபிஏ விட்ட 15 முதல் 30 நிமிடத்தில் செல்லை உடைத்தெடுங்கள். ஒரு நாளுக்கு மேல் விட்டால், டிபிஏ நேரடியாகத் தூண்டிய பிகேசி என்ற நொதியே பெருமளவு சிதைந்துவிடும். மறுபடி டிபிஏ விட்டாலும் செல் சரியாகப் பதில் தராது.

இத்தனைக்கும் முன்பே, சாறு மட்டும் மில்லிக்கு 25, 50, 100 மைக்ரோகிராம் அளவில் எம்டிடி செய்து, செல்லைக் கொல்லாத அளவைத் தேர்ந்துகொள்ளுங்கள். அப்போது செல் இல்லாத குழியிலும் சாறும் எம்டிடியும் விட்டுப் பாருங்கள். பழுப்புப் பாசியின் பாலிஃபீனால் செல்லே இல்லாமலும் எம்டிடியை ஊதாவாக்கும். அந்த அளவைக் கழிக்காவிட்டால் செத்த செல்லும் உயிரோடிருப்பதாகக் கணக்கில் வரும்.