நிலத்தை அடகு வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஜூன் பிறந்தால் எங்கள் டெல்டா பக்கம் இரண்டே பேச்சுதான்: மேட்டூர் அணையைத் திறப்பார்களா, பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்ப்பது. இரண்டாவதுக்காக நிலத்தை அடகு வைக்கப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், வயல் தருவதையும் படிப்பு தரப்போவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

முதலில் வயல் கணக்கு. எங்கள் வீட்டில் ஏக்கருக்குச் சம்பா நன்றாக விளைந்தால் 60 கிலோ மூட்டை 30 வரும், உழவு, நடவு, உரம், அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் போக 15,000 ரூபாய் நின்றால் பெரிது. அதிலும் வீட்டு ஆட்கள் பாடுபட்ட கூலியை யாரும் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள்.

அப்புறம் சம்பளக் கணக்கு. காலேஜ் போர்டில் போட்டிருக்கும் சம்பளம் வேண்டாம். அதே காலேஜில் அதே படிப்பைப் போன வருஷம் முடித்த பக்கத்து ஊர்ப் பையனைப் பிடித்து, ரூம் வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறான் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

காலேஜ் சீட்டுக்கு அரசு நடத்தும் கவுன்சிலிங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல், வேளாண்மை எல்லாவற்றிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் சீட் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் அரசுத் திட்டமும் உண்டு: பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். என் சித்தப்பா புரோக்கர் பேச்சை நம்பி நேராக மேனேஜ்மென்ட் சீட் வாங்கினார், முதல் பட்டதாரி சலுகையும் போச்சு, அடகு வைத்த இரண்டு மா (மூன்று மா ஒரு ஏக்கர்) நிலம் இன்னும் மீளவில்லை. வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை, படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணையும் கிடையாது என்பதே அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இன்னொரு வரவும் இருக்கிறது: படிக்கிற பிள்ளை வீட்டுக் காகிதங்களைப் படித்துப் பார்ப்பது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு வருஷம் பயிர்க் காப்பீட்டு ரசீதில் எங்கள் சர்வே நம்பரின் உட்பிரிவு '2பி'க்குப் பதில் '2ஏ' என்று விழுந்திருந்தது. அடங்கலோடு (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. தரும் பதிவு) ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி, அப்பா அதை மடித்துப் பையில் வைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அதனால் ரசீது வாங்கிய அன்றைக்கே, அடங்கல், பாஸ்புக் இரண்டையும் சேர்த்துப் படிக்கிற பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள். கெடு தேதி தாண்டிவிட்டால் திருத்துவது பெரிய அலைச்சல்.