சங்கத்தோட ஜாதகத்தைப் பாத்துட்டு பைலா எழுதுங்க

கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஆரம்பிக்கறவங்க பொதுவா என்ன பண்றாங்கன்னா, நல்லா ஓடுற வேற ஒரு சங்கத்தோட பைலாவை, அதாவது சங்கத்தோட உள்விதிகளை, வாங்கி பேரை மட்டும் மாத்திக்கறாங்க. தப்பில்ல, ஆனா அந்தச் சங்கம் எந்த வருஷம், யார் பணத்துல பொறந்துச்சுன்னு பாத்துட்டு செய்யுங்க.

முதல்ல சட்டத்தைப் பாருங்க. ஜெர்மனில 1889 வரைக்கும் சங்கம் கடன்ல மூழ்குனா உறுப்பினரோட சொந்த சொத்துக்கும் ஆபத்து, அப்புறம் எவன் தைரியமா சேருவான்? அந்த வருஷச் சட்டம் உறுப்பினரோட கடன் பொறுப்புக்கு ஒரு எல்லை வச்சுக்கலாம்னு சொன்னப்புறம்தான் வீட்டுச் சங்கங்கள் மளமளன்னு பெருகுச்சு. உங்க பைலால முதல்ல தேட வேண்டிய வரி இதுதான்.

அடுத்து, பணம் எங்கேருந்து வந்துச்சு. உருகுவேல 1968 சட்டத்துக்கு அப்புறம் வந்த பரஸ்பர உதவிச் சங்கங்கள்ல கையில காசில்லாதவங்க உழைப்பையே பங்கா போட்டாங்க, ஒரு குடும்பத்துக்கு வாரம் 21 மணி நேரம், அதாவது பகல் வேலையை முடிச்சுட்டு வந்து செங்கல் தூக்கணும். வீடு சங்கத்துக்குச் சொந்தம், குடும்பத்துக்கு குடியிருக்கற உரிமை. கேக்க அழகா இருக்கு, ஆனா நிலமும் கடனும் கிடைக்க வழி இல்லாத இடத்துல உழைப்பு விதியை மட்டும் காப்பி அடிச்சா கட்டடம் அஸ்திவாரத்தோடயே நின்னுபோகும்.

ரொம்ப கவனமா படிக்க வேண்டியது மறுவிற்பனை விதி, சண்டை எல்லாம் அங்கதான். ஸ்வீடன்ல 1923ல வாடகைக்காரங்க தொடங்குன ஹெச்எஸ்பி மாதிரி சங்கங்கள்ல வீடு கைமாறுற விலைக்கு ஒரு காலத்துல கட்டுப்பாடு இருந்துச்சு, 1960கள் கடைசில அதை எடுத்தாங்க, அதே கட்டடம் அதே சங்கம்தான் ஆனா வீடு மார்க்கெட் விலைக்குப் போக ஆரம்பிச்சுது. நியூயார்க்ல 1955ல வந்த, அரசாங்கக் கடன் உதவியோட கம்மி விலைக்கு வீடு குடுக்கற மிட்செல்-லாமா திட்டத்துல இன்னொரு கதை, 20 வருஷம் கழிச்சு அரசாங்கக் கடனை அடைச்சுட்டு திட்டத்தை விட்டு வெளிய வந்து மார்க்கெட் விலைக்கு விக்கலாம்னு சட்டத்துலயே கதவு இருந்துச்சு, கம்மி விலைக்கு உள்ள வந்தவங்களுக்கு அந்தக் கதவு கண்ணுல படாம இருக்குமா என்ன?

அதனால ஒரு பேப்பர்ல ஒவ்வொரு விதிக்கும் பக்கத்துல, எப்ப வந்துச்சு, எதுக்கு வந்துச்சு, அந்தக் காரணம் இன்னும் இருக்கான்னு எழுதுங்க. காரணம் செத்துப்போன விதியைத் தூக்குங்க. விலைக் கட்டுப்பாடு வேணும்னா, அதை மாத்த எத்தனை பேர் ஓட்டு வேணும்ங்கறதையும் முதல் நாளே எழுதிடுங்க, சாதாரண மெஜாரிட்டின்னு விட்டுடாதீங்க.