சித்திரை விடுமுறைக்குப் பேர்ண்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து போகிறவர்களுக்கு

சுவிஸில் சொந்தக்காரர் இருக்கிற குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். போனால் மாமா வீடு, சித்தி வீடு, யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் என்று நாட்கள் ஓடிவிடும். யுனெஸ்கோ 1983இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த பேர்ண் பழைய நகரம், ரயில் நிலைய வாசலிலேயே தொடங்கினாலும், பார்க்காமல் விடுபட்டுப்போகும். அதற்கென்று மூன்று நாள் ஒதுக்கினால் போதும்.

ஏப்ரல் நடுப்பகுதி நல்லது. ஆறே நதிக்கு மேலுள்ள ரோசன்கார்ட்டன் (ரோசாத் தோட்டம்) மேட்டில் செர்ரி மரங்கள் பூக்கிற காலம் அது. பெயரை நம்பி ரோசாப்பூத் தேடவேண்டாம், அது ஜூன் மாதக் கதை. ஈஸ்டர் எப்போது என்றும் பாருங்கள்: பெரிய வெள்ளியும் ஈஸ்டர் ஞாயிறும் மறுநாள் திங்களும் கடைகள் பூட்டு. 2027இல் அது மார்ச் 26 முதல் 29 வரை வருவதால், வருடப்பிறப்பை ஒட்டிப் போகிறவர்களுக்குத் தொல்லை இல்லை. சாதாரண ஞாயிறுகளிலும் கடைகள் பூட்டுத்தான், ரயில் நிலையத்துக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும்.

விசா வேலை

ஆசிரியர்களும் அரச உத்தியோகத்தர்களும் முதலில் வெளிநாட்டு லீவு அனுமதிக்கு எழுதவேண்டும். அந்தக் கடிதம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி வர நாளாகும், விசாக் கோப்பிலும் அது இருக்கவேண்டும். சுவிஸுக்கு எடுக்கவேண்டியது ஷெங்கன் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகியகால விசா. அதற்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். முடிவு வர வழக்கமாக 15 நாள், மேலும் விசாரித்தால் 45 நாள் வரை இழுபடும். ஆகவே ஏப்ரல் பயணத்துக்கு ஜனவரியில் கோப்பைக் கொடுத்துவிடுங்கள்.

கடவுச்சீட்டு 10 வருடத்துக்குள் எடுத்ததாக, திரும்பும் நாளுக்குப் பின்னும் 3 மாதம் செல்லுபடியானதாக, இரண்டு பக்கமாவது வெறுமையானதாக இருக்கவேண்டும். படம் 35க்கு 45 மில்லிமீற்றர். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. மறுத்தாலும் காசு திரும்பாது. பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் அத்தனை நாளையும் மூடவேண்டும். விமானம் பிந்தி அடுத்த நாள் புறப்பட்டால் காப்புறுதியில் ஒரு நாள் குறைந்துபோகும், ஆகவே முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் கூட்டியே எடுங்கள்.

அதிகம் சறுக்குவது வங்கிக் கணக்கில்தான். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மச்சான் போட்டுவிட்ட பத்து இலட்சம், ‘இது எங்கிருந்து வந்தது’ என்ற கேள்வியைத்தான் கொண்டுவரும். அம்பாறைப் பக்கத்து வேளாண்மைக்காரருக்கு வேறு சிக்கல். காசு வருவது வருடத்தில் இரண்டு தரம். ஜனவரியில் மூன்று மாதக் கணக்கறிக்கை எடுத்தால் அதில் விதைநெல், உரம், உழவுக்கூலி என்று செலவு மட்டுமே நிற்கும், சிறுபோக நெல் விற்ற காசு அதற்கு முன்னரே வந்திருக்கும். ஆறு மாத அறிக்கை எடுத்து, நெல் விற்ற பற்றுச்சீட்டையும் காணி உறுதிப் பிரதியையும் மொழிபெயர்த்துச் சேர்த்தால் விளங்கும். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கும்போது பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஊரில் நாம் எழுதுகிற முறை வேறாக இருக்கும்.

அங்குள்ள உறவினர் பொறுப்பேற்பதானால் அழைப்புக் கடிதம் மட்டும் பெரும்பாலும் போதாது. தூதரகம் தரும் பொறுப்புறுதிப் படிவத்தை அவர் தன் ஊர் நிர்வாகத்தில் கொடுத்து உறுதிப்படுத்தவேண்டும். உங்கள் செலவுக்கு அவர் பொறுப்பேற்கும் தொகை 30,000 பிராங்க் வரை. இது விசாவுக்குள் நடக்கிற இன்னொரு விசா மாதிரி, வாரங்கள் பிடிக்கும்.

பெட்டி

கறிவேப்பிலை, முருங்கைக்காய், நம்முடைய எருமைத் தயிர், நெய், இறைச்சிப் பொரியல் ஒன்றும் வேண்டாம். இலங்கையிலிருந்து பச்சை இலைகுழையும் பால், இறைச்சிப் பொருட்களும் கொண்டுபோகத் தடை, சுங்கத்தில் பிடித்தால் குப்பைக்குத்தான். வறுத்த கசுக்கொட்டை, மிளகாய்த்தூள் போகும். ஏப்ரலில் பகல் 14, 15 பாகை, இரவு 4 அளவுக்கு இறங்கும், சிலவேளை பனியும் தூவும். தடித்த கோட்டு ஒன்றைவிட, கழற்றிப் போடக்கூடிய மெல்லிய உடுப்பு மூன்று அடுக்கும் மழைக்கோட்டும் வசதி. சப்பாத்து வழுக்காததாக இருக்கட்டும், தெருவெல்லாம் கல் பதித்தது. சூட்கேஸ் சில்லும் அதில்தான் உடையும்.

கட்டுநாயக்காவுக்கு ரயிலில் போகிறவர்கள் கோட்டை வரை போகவேண்டியதில்லை, ராகமையில் நிற்கிற ரயிலா என்று கேட்டு அங்கே இறங்கினால் பாதி அலைச்சல் மிச்சம். சூரிச் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம், பேர்ணுக்கு நேர் ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். டிக்கெட்டை ஏறுமுன் எடுக்கவேண்டும், ரயில் பெட்டியில் 1 என்று இருந்தால் அது முதலாம் வகுப்பு. மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்குத்தான் செல்லும், விமானம் பிந்தினால் வீண்.

ஹோட்டலில் தங்கினால் பேர்ண் டிக்கெட் இலவசமாகக் கிடைக்கும், நகர பஸ், ட்ராம் எல்லாம் அதில் அடக்கம். சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவருக்கு அது இல்லை. அவர்கள் நாள் டிக்கெட் எடுக்கவேண்டும், வலயம் 100/101.

நடை

நகரம் ஆற்று வளைவுக்குள் நாக்கு மாதிரி நீண்டு கிழக்கே சரிகிறது. ஆகவே நிலையத்திலிருந்து கீழ்நோக்கி நடந்து, திரும்பும்போது 12ஆம் பஸ்ஸில் ஏறுங்கள். எதிர்த்திசையில் தொடங்கினால் கால் சொல்லும். இருபக்கமும் கடைகளுக்கு முன்னால் வளைவுக் கூரை போட்ட நடைபாதை, மொத்தம் 6 கிலோமீற்றர் அளவு, மழையிலும் நனையாமல் போகலாம்.

சிட்குளொக்கே மணிக்கூட்டுக் கோபுரத்தில் பலர் ஏமாறுவார்கள். மணி அடிக்கும்போது வந்து அண்ணாந்து பார்ப்பார்கள், அதற்குள் ஆட்டம் முடியப்போகும். பொம்மைகள் மணிக்குச் சில நிமிடம் முன்னரே தொடங்கும்: சேவல் கூவும், கரடிகள் வரிசையாகச் சுற்றும், கோமாளி மணியைத் தட்டுவான், தாடிக் கிழவர் மணற்கடிகாரத்தைப் புரட்டுவார். பத்து நிமிடம் முன்னரே போய், கிராம்காச என்ற தெருப் பக்கமாக, அதாவது கிழக்கு முகத்துக்கு எதிரே நில்லுங்கள். இயந்திரம் 1530ஆம் ஆண்டையது.

அதே தெருவில் 49ஆம் இலக்கம் ஐன்ஸ்டீன் 1903 முதல் 1905 வரை குடியிருந்த வீடு. சிறியது, அரைமணித்தியாலம் போதும். பேராலயக் கோபுரம் 100 மீற்றர், 300க்கு மேல் படி, முழங்கால் நோ உள்ளவர்கள் வாசலில் உள்ள இறுதித் தீர்ப்புச் சிற்பங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். தெருவில் உள்ள நீரூற்றுகளில் குடிக்கலாம், போத்தல் தண்ணீருக்குப் பிராங்க் கொடுக்கவேண்டாம். பாலம் தாண்டினால் கரடிப் பூங்கா, அனுமதிக் கட்டணம் இல்லை. அங்கிருந்து ரோசன்கார்ட்டன் ஏற்றம் சிறிதானாலும் செங்குத்து. ஏலாதவர்களுக்கு நிலையத்திலிருந்தே 10ஆம் பஸ் மேலே போகும். பின்னேரம் போனால் வெயில் முதுகில் விழ, முழு நகரத்தின் செம்மண் நிற ஓடுகளும் தெரியும் என்று நினைக்கவேண்டாம், அப்போது சூரியன் எதிரே நிற்கும். படம் எடுக்கக் காலைதான்.

மூன்றாம் நாள் மிச்சமிருந்தால் 7 அல்லது 8ஆம் ட்ராமில் ஒய்ரோப்பாபிளாட்ஸ் தரிப்புக்குப் போகலாம். அங்குள்ள சமயங்களின் இல்லத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்த நிலையமும் இருக்கிற அதே கட்டடத்துக்குள் நம் தமிழர்களின் முருகன் கோயில். பூசை நேரத்தை அங்குள்ள உறவினரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.