சிலந்தி வலை கேக்: ஹாலோவீனுக்கு முதன்முதலாகக் கேக் செய்பவர்களுக்கு

அக்டோபர் 31 இரவுக்கு முதல் தடவையாகக் கேக் செய்ய உட்காரும்போது கல்லறை, மண்டை ஓடு, வௌவால், பூசணிக்காய் எல்லாமே அதன்மேல் ஏற வேண்டும் என்று ஆசை வரும். முதல் கேக்குக்கு அத்தனையும் வேண்டாம். கறுத்த சாக்லேட் கேக், அதன்மேல் வெள்ளை வலை, ஓரத்தில் ஒரே ஒரு சிலந்தி. கிரீம் பிழியும் நாசில், கேக்மேல் போர்த்தும் சர்க்கரை மாவான ஃபான்டன்ட் எதுவும் தேவையில்லை, படம் வரையவும் தெரிய வேண்டாம். இரண்டே நிமிடம் கை வேகமாக ஓட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நாளுக்கும் அடுப்புக்கும் பழைய உறவு உண்டு. அயர்லாந்தில் ஹாலோவீனுக்கென்றே பார்ம்பிராக் என்ற உலர்பழ ரொட்டி சுடுவார்கள். உள்ளே ஒரு மோதிரம் ஒளிந்திருக்கும். அது யார் துண்டில் வருகிறதோ அவருக்குச் சீக்கிரம் கல்யாணம் என்பது நம்பிக்கை. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. ஆனால் குழந்தைகள் சாப்பிடும் கேக்குக்குள் எதையும் ஒளித்து வைக்காதீர்கள்.

கேக்

8 அங்குல வட்டத் தட்டில் எண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர் போடுங்கள். ஓவனை 175 டிகிரி செல்சியஸில் சூடேற்றுங்கள்.

மைதா 110 கிராம், சர்க்கரை 150 கிராம், கோகோ தூள் 35 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், ஆப்ப சோடா முக்கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். எல்லாவற்றையும் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். முட்டை 1, பால் 120 மி.லி., வாசனையில்லாத எண்ணெய் 60 மி.லி., வெனிலா 1 டீஸ்பூன் ஆகியவற்றை அடித்து அதில் ஊற்றிக் கலக்குங்கள். கடைசியாக 120 மி.லி. கொதிநீர். கோகோவின் மணமும் நிறமும் தூக்கலாக வருவது இந்தச் சுடுநீரால்தான். மாவு மோர் மாதிரி ஓடும். பயந்துபோய் மைதாவைக் கூட்டிவிடாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும்.

30 முதல் 35 நிமிடம் வேகட்டும். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம். 10 நிமிடம் கழித்துக் கம்பித் தட்டில் கவிழ்த்துங்கள். தட்டையான அடிப்பாகம் இப்போது மேலே இருக்கும், வலை போடுவதற்கு அதுதான் சரியான தளம். முழுக்க ஆற இரண்டு மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். கேக் சில்லென்று இருந்தால் ஊற்றிய சாக்லேட் உடனே இறுகிவிடும், வலையை இழுக்க நேரம் இருக்காது.

சிலந்திக் கால்கள்

கேக் ஆறும் நேரத்தில் கால்களை முடித்துவிடலாம். டார்க் சாக்லேட் 30 கிராமை உருக்கி, சிறிய கவரில் ஊற்றி, நுனியை மயிரிழை வெட்டி, பட்டர் பேப்பர்மேல் முழங்கால் மடங்கியது போல வளைந்த கோடுகளாகப் பிழியுங்கள். தேவை 8தான், ஆனால் 12 செய்யுங்கள். எடுக்கும்போது கட்டாயம் சில உடையும். ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வலை

டார்க் சாக்லேட் 200 கிராமைப் பொடியாக நறுக்கி ஒரு பாத்திரத்தில் போடுங்கள். 200 மி.லி. விப்பிங் கிரீமை ஓரங்களில் குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கி அதன்மேல் ஊற்றுங்கள். மூன்று நிமிடம் தொடாதீர்கள். பிறகு நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கினால் பளபளவென்று கனாஷ் தயார். இந்தியாவில் டப்பாவில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு குறைவு. அதைப் பயன்படுத்தினால் 160 மி.லி. போதும்.

வெள்ளை சாக்லேட் 60 கிராமையும் கிரீம் 25 மி.லி.யையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். வெள்ளை சாக்லேட் சட்டென்று கருகும், நேரடித் தீயில் வைக்காதீர்கள். கவரில் ஊற்றிக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

கனாஷ் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்து, கரண்டியின் முதுகில் படிந்து நின்றால் பதம் சரி. கம்பித் தட்டுக்கு அடியில் ஒரு தாம்பாளம் வைத்து, கனாஷைக் கேக்கின் நடுவில் ஒரே தடவையாக ஊற்றுங்கள். தானாக வழிந்து ஓரங்களை மூடும். நிற்காதீர்கள். உடனே வெள்ளையை நடுவில் ஒரு புள்ளியாக வைத்து, அதைச் சுற்றி ஐந்து வட்டங்கள் போடுங்கள். வட்டம் கொஞ்சம் கோணினாலும் கவலையில்லை. இரண்டு சாக்லேட்டும் ஈரமாக இருக்கும்போதே பல்குத்தும் குச்சியால் நடுப்புள்ளியிலிருந்து ஓரத்துக்கு எட்டுக் கோடுகள் இழுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் குச்சியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளிருந்து வெளியே இழுப்பதுதான் இதில் முக்கியம். அப்போதுதான் கோடுகளுக்கு இடையே உள்ள இழைகள் நடுவை நோக்கித் தொய்ந்து, நிஜ வலை போலத் தெரியும். வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் பூவிதழ் வந்துவிடும்.

சிலந்தி

தாம்பாளத்தில் வழிந்த கனாஷை வழித்தெடுத்து, கெட்டியாகும்வரை ஃபிரிட்ஜில் வையுங்கள். கையில் கோகோ தூள் தொட்டுக்கொண்டு இரண்டு உருண்டை பிடியுங்கள், பெரியது வயிறு, சிறியது முன்பாகம். கால்கள் எட்டும் சிறிய உருண்டையில்தான் செருக வேண்டும். நிஜச் சிலந்திக்கும் கால்கள் முன்பாகத்தில்தான் இருக்கின்றன, வயிற்றில் குத்தினால் வண்டு மாதிரி ஆகிவிடும்.

சிலந்தியை வலையின் நடுவில் வைக்காமல் ஓரமாக, இரண்டு கால்கள் விளிம்பைத் தாண்டித் தொங்கும்படி வையுங்கள். வெட்டும் முன் கத்தியைச் சுடுநீரில் முக்கித் துடையுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் அப்படியே செய்தால் வலை கலையாமல் தட்டுக்கு வரும்.